திங்கட்கிழமை லீவு

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் புளோ ரூம், கார்டிங் இரண்டுக்கும் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது எனக்கு வயது 24. பேலை, அதாவது பஞ்சுப் பொதியைப் பிரித்துப் பஞ்சை உதிர்த்துக் குப்பை நீக்குகிற இடங்கள் என்பதால் மில்லிலேயே தூசி அதிகம் அங்கேதான். ஷிஃப்ட் முடியும்போது எல்லாருக்கும் புருவம் நரைத்திருக்கும். காற்றுக் குழாயைத் திருப்பி ஒருவர்மேல் ஒருவர் பீய்ச்சிக்கொண்டு கிளம்புவோம். அந்தத் தூசி அடுத்த ஷிஃப்டுக்காரர் மூக்குக்குத்தான் போகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

என் ஷிஃப்டில் ஓர் அண்ணன், இருபது வருஷ சர்வீஸ். அடிக்கடி திங்கட்கிழமை லீவு போடுவார். வந்தாலும் மதியத்துக்கு மேல் பேல்மேல் உட்கார்ந்துவிடுவார். "நெஞ்சக் கயிறு போட்டு இறுக்கற மாதிரி இருக்குதுங்க தம்பி" என்பார். செவ்வாய்க்கிழமை ஆள் தேறிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தண்ணி போட்ட அசதி என்று நானே முடிவுகட்டினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. அது போதாதா எனக்கு? மெமோ கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் பரிசோதனைக்கு வந்த ஒரு டாக்டர், ஆட்களைப் பார்க்கும் முன்னே வருகைப் பதிவேட்டைக் கேட்டார். புரட்டிக்கொண்டே திங்கட்கிழமைக் கட்டங்களில் விரலை வைத்துக்கொண்டு போனார். அண்ணன் ஒருவர் மட்டுமில்லை, கார்டிங்கில் இன்னும் நாலு பேருக்கு அதே கதை.

பிசினோசிஸ் என்றார். பருத்தியோடு வரும் இலைத் துணுக்குகளில் பாக்டீரியா இருக்கும். அதன் நச்சு மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. ஒருநாள் தூசியில்லாமல் இருந்துவிட்டுத் திரும்பும்போதுதான் அடி பலமாக விழும். வாரம் போகப்போகப் பழகிவிட்ட மாதிரி தெரியும். வருஷக்கணக்கில் விட்டால் இறுக்கம் வாரம் முழுக்க நீளும், அப்புறம் வேலையை விட்டாலும் மூச்சு முழுசாகத் திரும்பாது. எக்ஸ்ரேயை நம்பிப் பிரயோஜனமில்லை. ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லி, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வருகிறது என்று பார்க்க வேண்டும். அண்ணனுக்குச் சாயங்காலம் ஊதும் கருவியின் முள் காலையில் போன தூரம் போகவில்லை.

அப்போது நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்தவன் நான். பஞ்சைக் கையில் எடுத்தாலே குப்பை எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவேன். இந்த நோயின் பெயரைக் கேட்டதேயில்லை. மில்லில் எங்களுக்குத் தெரிந்த மருந்து வெல்லமும் வாழைப்பழமும்தான். தின்றால் தூசி வயிற்றோடு போய்விடுமாம். வயிற்றுக்குப் போகிற வழியும் நுரையீரலுக்குப் போகிற வழியும் வேறுவேறு என்று தெரிந்தும் நானும் தின்றிருக்கிறேன்.

அண்ணனைப் பேக்கிங்குக்கு மாற்றினோம். காற்றுக் குழாய்க்குப் பதிலாக உறிஞ்சும் மெஷின் வந்தது, அதற்கு ஒரு வருஷம் ஆனது. மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆபீசில் கேட்டேன். ஃபைலில் ஏறியது ஏறியதுதான் என்றார்கள். அதை அவரிடம் போய்ச் சொன்னேன்.

"விடுங்க தம்பி. எனக்கே சோம்பேறித்தனம்னுதான் தோணுச்சு" என்றார்.