அறிக்கைகளும் ரசீதுகளும்

ஜெனீவாவில், பல நாட்டுச் சபைகளுக்கு நிதி அனுப்பும் ஒரு கிறிஸ்தவ அமைப்பின் கணக்குப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பாலஸ்தீனத் திட்டங்களின் கோப்பு என் மேசைக்கு வந்தது தற்செயல். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பிரசவ விடுப்பில் போனார், திரும்பி வந்ததும் வேறு பிரிவு கேட்டு வாங்கிக்கொண்டார். மேல்மாடியில் இருந்தவர்கள் மத்திய கிழக்குச் சமாதானத்துக்காக அறிக்கை தயாரிப்பார்கள். கீழே நாங்கள் ரசீது சரிபார்ப்போம். மத நிறுவனங்கள் இஸ்ரேல்–பாலஸ்தீன அரசியலில் என்னதான் செய்கின்றன என்று யாராவது கேட்டால், எனக்கு இன்றைக்கும் பதில் கீழ்மாடியிலிருந்துதான் வருகிறது. அறிக்கையால் அங்கே எதுவும் நகர்ந்து நான் பார்த்ததில்லை. நிலம், வரி, ஓய்வூதிய நிதி, ஆஸ்பத்திரி பில் என்று வந்தால் மட்டும் அரசாங்கங்கள் உடனே திரும்பிப் பார்த்தன.

2014 ஜூன் மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 8ஆம் தேதி வத்திக்கான் தோட்டத்தில் போப் பிரான்சிஸ், இஸ்ரேல் அதிபர் ஷிமோன் பெரஸையும் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரார்த்தனை நடத்தினார். மூவரும் சேர்ந்து ஒலிவ மரக்கன்று நட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தப் படத்தை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 8 அன்று, காசாவில் போர் தொடங்கியது. 50 நாள் நடந்தது. செத்த பாலஸ்தீனர்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல்.

அதே ஜூனில் டெட்ராய்ட்டில் அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபையின் பொதுச்சபை கூடியது. கேட்டர்பில்லர், ஹியூலெட் பேக்கர்ட், மோட்டரோலா சொல்யூஷன்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளிலும் சபை போட்டிருந்த பணத்தை எடுத்துவிடலாமா என்பது கேள்வி. பாலஸ்தீனப் பகுதிகளின் மீதான இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு இவர்களுடைய இயந்திரங்களும் கருவிகளும் உதவுகின்றன என்பது குற்றச்சாட்டு. 2012இல் இதே முயற்சி இரண்டே வாக்கில் தோற்றிருந்தது. இந்த முறை 310க்கு 303 என்று நிறைவேறியது. தொகை சுமார் 2 கோடியே 10 லட்சம் டாலர். கேட்டர்பில்லருக்கு அது கொசுக்கடிகூட இல்லை. ஆனால் அந்த வாக்கெடுப்பைத் தடுக்க சீர்திருத்த யூத இயக்கத்தின் தலைவர், ராபி (யூத மதகுரு) ரிக் ஜேக்கப்ஸ் நேரில் வந்தார். இதைக் கைவிட்டால் உங்கள் தலைவர்களோடு இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவைச் சந்திக்க நானே கூட வருகிறேன் என்று மேடையில் சொன்னார். அதே மண்டபத்தில், முதலீட்டை எடுக்கச் சொல்லி வாசகம் அச்சிட்ட சட்டை போட்ட யூத இளைஞர்களும் இருந்தார்கள். ஏதோ ஒரு பென்ஷன் கணக்கில் ஒரு வரி மாறுவதற்கு இவ்வளவு பரபரப்பு. தோட்டத்துப் பிரார்த்தனைக்கு எதிர்த்து வாக்களிக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

என் கோப்பில் கனமான பகுதி, எருசலேமின் ஒலிவ மலையில் இருக்கும் அகஸ்டா விக்டோரியா ஆஸ்பத்திரி. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தன் மனைவி பெயரில் கட்டிய கட்டடம். லுத்தரன் உலகக் கூட்டமைப்பு நடத்துகிறது. எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அதில் உறுப்பினர் என்பதால், எனக்கு அது ஏதோ சொந்தக்காரர் வீட்டு ஆஸ்பத்திரி மாதிரி. மேற்குக் கரைப் பாலஸ்தீனர்களுக்கும், 2023இல் போர் தொடங்கும்வரை காசாக்காரர்களுக்கும் புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சை கிடைத்த இடம் அது. நோயாளியை அனுப்புவது பாலஸ்தீன அதிகாரசபை, பில்லும் அவர்கள் தலையில். உள்ளே விட அனுமதிச்சீட்டு தருவது இஸ்ரேல் ராணுவம். பில் பாக்கி வருடக்கணக்கில் நிற்கும்.

ஒருமுறை தங்குமிடச் செலவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காசாவிலிருந்து வந்த குழந்தைகளோடு தங்கியவர்களின் பட்டியலில் வயது என்று ஒரு கட்டம். நோயாளிக்கு ஆறு வயது, கூட வந்தவருக்கு அறுபத்தெட்டு. அடுத்த வரியில் நான்கு, எழுபத்தொன்று. தட்டச்சுப் பிழையோ என்று அங்கிருந்த கணக்கரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இளம் வயதுப் பெற்றோருக்குப் பாதுகாப்புச் சோதனை முடிந்து அனுமதி வர நாளாகும், வராமலும் போகும். கிழவிகளுக்குச் சீக்கிரம் கிடைக்கும். அதனால் பாட்டிகள்தான் வருகிறார்கள் என்றார். கீமோ ஏற்றும்போது அம்மாவைக் கேட்டு அழுகிற பிள்ளைக்கு போனில் அம்மாவின் முகத்தைக் காட்டுவார்களாம். பட்டியலில் பிழை ஒன்றுமில்லை. 'சரி' போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.

எங்கள் அமைப்பின் அந்த வருட அறிக்கைக்கு முதலில், பெத்லகேமில் இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவரின் படத்தைத்தான் அட்டையில் வைத்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து நிதி தரும் ஒரு பங்காளி அமைப்பு வேண்டாம் என்றது. சுவர் போய், அட்டையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு சிறுவன் வந்தான். மேல்மாடிக்காரர்கள் கொதித்தார்கள். எனக்கு அந்த ஜெர்மன்காரர்கள் மேல் பெரிய கோபம் வரவில்லை. யூதர்களுக்குத் தங்கள் நாடும் சபைகளும் செய்ததை அறிந்தவர்கள், இஸ்ரேல் விஷயத்தில் வாய் திறக்கத் தயங்குவது புரிகிறது. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கட்டியவர்கள் அவர்கள் அல்ல. அதுவும் உண்மை.

2018இல் அமெரிக்க அரசு கிழக்கு எருசலேம் ஆஸ்பத்திரிகளுக்குத் தரவேண்டிய 2.5 கோடி டாலரை நிறுத்தியபோது, வந்து குவிந்த கண்டன அறிக்கைகளை நான் எண்ணவில்லை. பணத்தை யார் ஈடுகட்டுவார்கள் என்பதுதான் எங்கள் பிரிவின் கவலை.

அதே ஆண்டு பிப்ரவரியில் தணிக்கை வேலையாக எருசலேமில் இருந்தேன். 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், இயேசுவை அடக்கம் செய்த இடம் என்று கருதப்படும் திருக்கல்லறை ஆலயத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று ஓட்டலில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் உண்மை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்த யாத்திரிகர்கள் வாசல் கல்லில் மண்டியிட்டு மூடிய கதவைத் தொட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வழிகாட்டியிடம் சத்தம் போட்டார்கள். இத்தனை பணம் கட்டி வந்தவர்கள், பாவம்.

காரணம் வரி. ஆலயங்களைத் தவிர்த்த சபைச் சொத்துகளுக்குச் சுமார் 65 கோடி ஷெக்கல் பாக்கி என்று எருசலேம் நகராட்சி கேட்டது. அதோடு, சபைகள் தனியாருக்கு விற்ற நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை எருசலேமின் பெரிய நிலக்காரர்களில் ஒன்று. இஸ்ரேல் நாடாளுமன்றமே அவர்களிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில்தான் நிற்கிறது. கிரேக்கர், ஆர்மீனியர், பிரான்சிஸ்கர் மூவரும் மற்ற நாளில் ஆலயத்துக்குள் ஒரு படிக்கட்டைப் பெருக்கும் உரிமைக்காகச் சண்டை போடுகிறவர்கள். அன்று ஒன்றாக நின்றார்கள். மூன்றாம் நாளே நெதன்யாகு இரண்டையும் நிறுத்திவைத்து ஒரு குழு அமைத்தார். புதன்கிழமை விடியுமுன் கதவு திறந்தது.

மூன்றே நாள்! 1990இலும் ஒரு தடவை எதிர்ப்பாகக் கதவை மூடியிருக்கிறார்கள். அப்போதும் விவகாரம் சொத்துதான். ஆலயத்துக்கு அருகே கிரேக்கத் திருச்சபையின் புனித யோவான் விடுதிக்குள் யூதக் குடியேற்றக்காரர்கள் புகுந்திருந்தார்கள். பெத்லகேம் சுவருக்காக அந்தக் கதவு மூடப்படவில்லை. சபைகளுக்கு எங்கே வலிக்கிறது என்பது அரசுக்கும் தெரியும், பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களுக்கும் தெரியும்.

இந்தக் கிறிஸ்தவர்களின் கசப்பு வேறு மாதிரி. எருசலேம் பழைய நகரின் யாஃபா வாசலில் கிரேக்கத் திருச்சபைக்குச் சொந்தமான இரண்டு ஓட்டல்களின் குத்தகை உரிமை 2004இல் அடேரெட் கோஹனிம் என்ற குடியேற்ற அமைப்புக்குப் போனது. பேரம் பேசியது திருச்சபையின் ஆட்கள்தான். விஷயம் வெளியே வந்ததும் 2005இல் திருச்சபையின் தலைவரான பேட்ரியார்க் ஐரினையோஸைப் பதவியிறக்கினார்கள். அப்புறம் அதே திருச்சபை அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்காடி 2019இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது, 2022இல் மறுபடியும் தோற்றது. மேய்ப்பர்கள் கிரேக்கர்கள், மந்தை அரபுக்காரர்கள், நிலம் மேய்ப்பர்கள் பெயரில். நம்மூர் டயோசிஸ் நில வழக்குகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை.

கிறிஸ்தவர்களைத்தான் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். 2017 ஜூலையில் எருசலேமின் அல் அக்ஸா மசூதி வளாக வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டதும் இஸ்ரேல் உலோகச் சோதனைக் கருவிகளை நிறுத்தியது. ஜோர்டானின் கீழ் வளாகத்தை நிர்வகிக்கும் இஸ்லாமிய அறநிறுவனமான வக்ஃபு, அதன் வழியாக உள்ளே போகாதீர்கள் என்றது. சனங்கள் தெருவிலேயே தொழுதார்கள். இரண்டு வாரத்துக்குள் கருவிகள் போய்விட்டன. அங்கேயும் கேள்வி, வாசல் யார் கையில் என்பதுதான்.

கூட்டுப் பிரகடனங்களும் வந்தன. 2002 ஜனவரியில் கான்டர்பரி பேராயர் ஜார்ஜ் கேரி, எகிப்தின் இஸ்லாமியக் கல்வி நிறுவனமான அல் அஸ்ஹரின் ஷேக் தந்தாவி, ராபி மெல்கியோர் எல்லோரும் கூடி வெளியிட்ட அலெக்சாந்திரியா பிரகடனம் அதில் பிரபலம். நல்ல மனிதர்கள், நல்ல வாசகங்கள். ஆனால் மேற்குக் கரையில் தெக்கோவா என்ற யூதக் குடியேற்றத்தின் ராபி மெனாஹெம் ஃப்ரோமன், ஹமாஸை நிறுவிய ஷேக் யாசினையே போய்ப் பார்த்தவர். எனக்கு அவர் மேல்தான் மரியாதை. எதிராளியின் கடவுளோடு பேசாமல் காரியம் ஆகாது என்று நம்பியவர். அவர் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் நிற்கவில்லை. 2013இல் இறந்துபோனார்.

2018 குழுவால் வரித் தகராறு தீரவில்லை. 2024 ஜூனில் டெல் அவிவ், ராம்லா, நாசரேத், எருசலேம் நகராட்சிகள் சபைகளுக்கு மறுபடி நோட்டீஸ் அனுப்பின. சபைத் தலைவர்கள் திட்டமிட்ட தாக்குதல் என்று நெதன்யாகுவுக்குக் கடிதம் எழுதினார்கள். பழைய சகா ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார், திரும்பவும் கதவைச் சாத்துவார்களா என்று. 2023இல் காசா போர் தொடங்கியதிலிருந்து யாத்திரிகர்கள் வரத்தே நின்றுபோயிருந்தது. கூட்டமில்லாத நேரத்தில் கதவைச் சாத்தி யாரை மிரட்டுவது என்று பதில் போட்டேன்.