ரோஜாவுக்கு வாங்கிய புண்ணாக்கு

ஜனவரி பிறந்துவிட்டால் கோத்தகிரியில் ரோஜாவுக்குக் கவாத்து. மே மாதம் ஊட்டி மலர்க் காட்சிக்குக் கூட்டம் ஏறி வரும்போது நம் வாசலிலும் பூத்து நிற்க வேண்டுமென்றால், இப்போதே கிளையை வெட்டி, வேரைச் சுற்றிக் கிளறி, உரம் வைத்தாக வேண்டும். என் வீட்டில் நாற்பது தொட்டி. போன ஜனவரியில் அந்த நாற்பது தொட்டிக்கும் வாங்கிய உரம் என் நாய் பொரியைக் கொல்லப் பார்த்தது. இந்த வருடம் கடைக்குப் போகும் முன் நாலு பேராவது படிக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பொரி தெருவில் கிடந்து வந்தவள். வெள்ளை உடம்பில் பழுப்புப் புள்ளி. மூன்று வயது. எங்கள் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு இருக்கும் பெரிய பயம் சிறுத்தை. தேயிலைக்குள்ளிருந்து வரும், சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் இருட்டுவதற்குள் அவளை உள்ளே அழைத்துவிடுவேன். வீட்டோடு ஒட்டிய விறகுக் கொட்டகைதான் அவள் படுக்கும் இடம். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, கீழே சாக்கு விரித்திருப்பேன், பனிக்கு இதமாக இருக்கும். உரச் சாக்கையும் அங்கேதான் வைத்திருந்தேன்.

எலும்புத் தூள், வேப்பம் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு மூன்றையும் கலந்து கட்டி வைத்திருந்த சாக்கு அது. காலையில் பார்த்தால் ஓரத்தில் கிழிந்திருக்கிறது, தரையில் தூள் சிந்தியிருக்கிறது. தோட்ட வேலைக்கு வரும் அண்ணன் பார்த்துவிட்டு, “எலி வேலை டீச்சர், வேறு சாக்கில் மாத்திடறேன்” என்றார். நானும் சரி என்றேன். பொரி அன்று காலை வழக்கம்போல வாலாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

மாலை நாலு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். இரவு எட்டு மணிக்கு வயிற்றுப்போக்கில் ரத்தம் வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு முனகினாள். பக்கத்து வீட்டுத் தம்பி ஜீப்பை எடுத்தான். மூடுபனியில் குன்னூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழி முழுக்க என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்னம்மா சாப்பிட்டது?”

“சாதமும் முட்டையும்தான் டாக்டர்.”

“தோட்டத்தில் மருந்து ஏதாவது?”

“நான் மருந்தே அடிக்கிறதில்லை டாக்டர். எல்லாம் இயற்கை உரம்தான்.”

“என்ன உரம் போடுவீங்க?”

சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. ஆமணக்கு என்ற சொல்லில் நிறுத்தினார்.

நம் ஊரில் கொட்டைமுத்து என்று சொல்வோமே, அதேதான். அந்த விதையில் ரிசின் என்று ஒரு விஷம் இருக்கிறது. அது புரதம், எண்ணெயில் கரையாது. செக்கில் ஆட்டும்போது விளக்கெண்ணெய் பிரிந்து போகிறது, விஷம் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. நன்றாக வேகவைத்தால் ரிசின் செயலிழக்கும். ஆனால் அப்படிச் சூடுபடுத்தப்பட்ட புண்ணாக்கா என்று வாங்கும் நமக்கு எப்படித் தெரியும்? உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். அதனால்தான் இந்தப் புண்ணாக்கு இங்கே சல்லிசாகக் கிடைக்கிறது. தழைச்சத்து நிறைய உண்டு, ரோஜாவுக்கு நல்லதுதான். அதில் பொய்யில்லை.

தனியாக இருந்தால் நாய் ஒருவேளை முகர்ந்துவிட்டுப் போய்விடும். எலும்புத் தூளோடு கலந்தால் அது நாய்க்குச் சாப்பாட்டு வாசனை. அந்தத் தூளே நிறையத் தின்றால் வயிற்றுக்குள் கட்டியாக இறுகிப்போகும் என்றும் டாக்டர் சொன்னார். ரிசினோ தின்ற உடனே காட்டாது. பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும், சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். காலையில் வாலாட்டினாள் என்று நான் நிம்மதியாக இருந்தது அதனால்தான். இதற்கு மாற்று மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றலாம், வாந்தியை நிறுத்த ஊசி போடலாம், ஈரல் தாங்குகிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ஐந்து நாள் காத்திருந்தோம். ஆறாம் நாள் என் கையிலிருந்து கஞ்சியை நக்கினாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையை ஒழித்தேன். மேல் தட்டில் ஒரு துருப்பிடித்த டப்பா, மண்ணில் தூவும் குருணைப் பூச்சிமருந்து. என் மாமனார் உருளைக்கிழங்கு போட்ட காலத்தது. 1961இல் நீலகிரி உருளையில் நூற்புழு என்ற, வேரைத் தாக்கும் நுண்புழு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு குருணை மருந்து வாங்காத காடு இங்கே குறைவு. டப்பாவில் போரேட் என்று இருந்தது. 2020 முடிவோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டது அது. தடை வந்தாலும் பழைய டப்பா தானாக நடந்து வெளியே போகாது. இங்கே எத்தனை கொட்டகையில் இப்படி இருக்கிறதோ! தயவுசெய்து ஒரு முறை ஏறிப் பாருங்கள்.

இன்னொன்று நத்தை மருந்து. ஜூன் மழையில் டேலியா நாற்றை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடும் நத்தை, அந்தக் கோபம் எனக்கும் தெரியும். ஆனால் கடையில் தரும் குச்சி போன்ற மெட்டால்டிஹைடு வில்லைகளைத் தவிடு மாதிரிப் பொருளில்தான் செய்கிறார்கள். நத்தைக்குப் பிடித்தது நாய்க்கும் பிடிக்கும். தின்ற ஓரிரு மணி நேரத்தில் நடுக்கம், வலிப்பு, கொதிக்கும் காய்ச்சல். பிரிட்டனில் 2022 முதல் திறந்த வெளியில் இதைப் பயன்படுத்தவே தடை. நான் இப்போது சாயங்காலம் ஈரச் சாக்கைப் பாத்தி ஓரம் போட்டுவிட்டுக் காலையில் புரட்டி எடுக்கிறேன். வேலை கூடத்தான்.

சந்தேகம் வந்தால் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாய்க்கு ஆகாது. தின்ற பொருளின் பையையோ, சிந்தியதில் ஒரு பிடியையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். நான் எடுத்துப் போயிருந்தால் அவர் ஒன்றொன்றாகக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

நான் வாங்கிய புண்ணாக்கு கிலோக் கணக்கில் அள்ளிக் கட்டிக் கொடுத்தது. அதில் ஒரு எழுத்தும் கிடையாது. நேற்று அந்தக் கடைக்குப் போனேன், பொரியையும் கூட்டிக்கொண்டுதான். கடைக்காரத் தம்பி என்னிடம் படித்தவன். நடந்ததை முழுதாகக் கேட்டான். பிறகு மார்க்கர் பேனாவை எடுத்து, ஆமணக்குச் சாக்கின் மேல் கொட்டை எழுத்தில் எழுதினான்: “நாய் தின்றால் விஷம்.” எழுத்துப் பிழை இல்லை. நான் தொழு உரம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.