சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சத்துணவு

பொங்கலுக்குச் சொந்தபந்தம் கூடும் வீட்டில் அரசியல் சண்டை எப்போது கிளம்பும் என்பதை இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பருப்பும் நெய்யும் பிசையும்போது எல்லோரும் நல்லவர்கள், பசி பேசவிடாது. சாம்பார் சாதம் முடிந்து மறுசோறு வருவதற்குள் மூன்று நிமிடம் கை சும்மா கிடக்கும். "என்ன மாப்ளே, உங்க ஆளுங்க..." என்று பெரியப்பா தொண்டையைச் செருமுவது அப்போதுதான்.

எங்கே ஆரம்பித்தாலும், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தோஷமோ என்னவோ, பேச்சு சத்துணவில் வந்து நிற்கும். பெரியப்பா 1956, காமராஜர் என்பார். சித்தப்பா 1982 ஜூலை 1, எம்.ஜி.ஆர் என்பார். "வெறுஞ்சோத்துல முட்டை வச்சது யாருங்க?" என்று மாமா 1989-க்குப் போய்க் கலைஞரைக் கூட்டிவருவார். காலேஜ் போகிற பெண் 2022-இன் காலை உணவுத் திட்டத்தோடு காத்திருக்கும். ரிட்டயர்ட் வாத்தியார் தாத்தா ஒருவர் இருந்தால் தீர்ந்தது: நீதிக்கட்சி, 1920, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி, பிட்டி தியாகராயர்.

ஒருவர் சொல்வதும் பொய்யில்லை என்பதால்தான் இந்தச் சண்டை முடிவதே இல்லை. "யார் கொண்டுவந்தது?" என்று கேட்டால் ஒருவர்தான் ஜெயிக்க முடியும். "யார் எதைப் பரிமாறினது?" என்று கேளுங்கள், ஆளுக்கொரு பதார்த்தம் கிடைத்துவிடும். கலவை சாதமும் மசாலா முட்டையும் ஜெயலலிதா கணக்கில் போகும், அத்தையும் சமாதானம்.

இதற்கும் மசியாவிட்டால் ரசம். மறுசோறு வைத்த கையோடு, குழி பறிக்க அவகாசம் தராமல், முழுக் கரண்டி, கொதிக்கக் கொதிக்க. இலை மேஜை மேல் இருந்தால் ரசம் நேராக வேட்டியைப் பார்த்து ஓடும். சோற்றை அணைகட்டி, ஒரு பக்கம் உடைந்ததை மறுபக்கத்து உருளைக்கிழங்கால் அடைத்துக்கொண்டிருப்பவர் யாருடைய ஆட்சியையும் கவிழ்க்க மாட்டார். ஆறின ரசத்துக்கு இந்த வேலை ஆகாது. அதை இலையோடு உறிஞ்சிவிட்டுப் பேசுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: "வாட்ஸ்அப்புல வந்திருக்கு, இப்பவே காட்டுறேன்" என்று யாராவது சொன்னால் டிஷ்யூ நீட்டிவிடாதீர்கள். வலது கை எச்சில். போனில் பதிந்திருப்பதோ வலது கட்டைவிரல் ரேகை. இடது கையால் நாலு தடவை தப்பாக அழுத்தி, போன் கோபித்துக்கொள்வதற்குள் அப்பளம் வந்துவிடும்.

உட்காரவைப்பதைப் பொறுத்தவரை, எதிரெதிர் மேஜையைவிடத் தரையில் ஒரே வரிசைப் பந்தி எவ்வளவோ மேல். முறைக்கவேண்டுமானாலும் கழுத்தைத் திருப்பவேண்டும். பெரியப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே குறைந்தது இரண்டு குழந்தைகள்.

மோரில் அசட்டை கூடாது. முதலில் முடித்தவர் மற்றவர்களுக்காக எழாமல், கை காயக் காய உட்கார்ந்திருப்பார். பழைய பாக்கியெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கடைசி ஆள் மோருக்கு வந்ததுமே, "பாயசம் இன்னொரு கரண்டி இருக்கு, யாருக்கு?" என்று குரல் கொடுங்கள். கட்சி பேதமில்லாமல் கை நீளும்.

கொல்லைக் குழாயடியில் இரண்டாவது சுற்று வரத்தான் செய்யும். விட்டுவிடலாம். குழாய் ஒன்று, பின்னால் எச்சில் கையோடு ஆறு பேர்.