0.8ஆ, 1.2ஆ?

அந்த மாருதி எஸ்டீம் கார் இன்ஜின் இப்போது என்னிடம் இல்லை. பிளாக்குக்கும் மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் நான் போட்ட ஹெட் கேஸ்கட்டும் அதில் இல்லை. அதன் சொந்தக்காரப் பையன் கேட்ட கேள்விதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது. "அண்ணா, நான் மலையிலதானே ஓட்டப்போறேன்? கீழே இருக்கிற காத்துக்கு ஏன் இன்ஜின் கட்டுறீங்க?"

நியாயமான கேள்வி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அதற்கு மேல் சிலிண்டருக்குள் காற்று போகாது. காற்று குறைந்தால் நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்து இன்ஜினை அடிக்கிற பயமும் குறையும். அதனால் கம்ப்ரஷனை, அதாவது கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறோம் என்பதைக் கொஞ்சம் ஏற்றி, மலை பிடுங்கிக்கொண்ட பவரில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கலாம். மெல்லிய கேஸ்கட் அதற்கு மலிவான வழி. பையன் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

அந்த ஹெட்டை யாரோ ஏற்கெனவே ஃபேசிங் செய்திருந்தார்கள், எவ்வளவு சீவினார்கள் என்ற கணக்கு இல்லை. பியூரெட் வைத்து அளந்ததில், ஹெட்டில் கலவை எரிகிற குழியான சேம்பரும் பிஸ்டன் தலைப் பள்ளமும் சேர்ந்து 30 சிசி வந்தது. பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு 0.1 மி.மீ. கீழே நின்றது. கையில் இருந்த கேஸ்கட் இரண்டு. இறுக்கிய பிறகு ஒன்று 0.8 மி.மீ. தடிமன், இன்னொன்று 1.2. 74 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 75.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) உள்ள அந்த இன்ஜினில் இந்த 0.4 மி.மீ. வித்தியாசம் கிட்டத்தட்ட 1.8 சிசி. மெல்லிசு போட்டால் கம்ப்ரஷன் 10.6, தடித்தது போட்டால் 10.1. அரைப் புள்ளிக்குத்தான் இத்தனை வாக்குவாதமும்.

"மேட்டுப்பாளையம் இறங்காம இருப்பியா தம்பி?" என்று கேட்டேன்.

"இறங்குவேன். மெதுவா இறங்குவேன்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன். மெதுவாக இறங்குகிறவனா இப்படி ஒரு இன்ஜின் கட்டுவான்? கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் டிராக் டே என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பான். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், கோவை 400 சொச்சம். இங்கே ஊட்டியில் 80 கிலோபாஸ்கலுக்கும் குறைந்த காற்றழுத்தத்தில் மூச்சு விட்ட இன்ஜின் அங்கே 95க்கு மேல் இழுக்கும். அப்போது பங்க்கில் போட்டது சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோல்; ஆக்டேன்தான் நாக்கிங்கைத் தாங்குகிற அளவு. இசியு மேப் என்பது எந்தக் காற்றழுத்தத்தில் எப்போது தீப்பொறி விட வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற அட்டவணை. அவன் அதைப் போட்டதெல்லாம் ஊட்டி–கோத்தகிரி ரோட்டில். அந்த ரோட்டில் 85க்கு மேலே உள்ள வரிசைகளை இன்ஜின் தொடவே தொடாது. லேப்டாப்பில் அந்தக் கட்டங்களில் இருந்த இக்னிஷன் எண்கள் அத்தனையும் ஊகம். ஊகத்தின் மேல் 10.6 வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். 1.2 தான் போடுவேன், சம்மதமில்லை என்றால் பிளாக்கை எடுத்துக்கொண்டு போ என்றும் சொன்னேன். கடைசியில் சொன்ன அந்த வார்த்தை தேவைதானா என்று இப்போதும் யோசிக்கிறேன். அவன் சரி என்று தலையாட்டினான். வேறு வழியில்லாதவர்கள் ஆட்டுகிற மாதிரிதான் ஆட்டினான்.

ஆனால் எனக்கு உறுத்துவது ஸ்குவிஷ். பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் ஓரத்துக் கலவை பிதுங்கி நடுவுக்குப் பாய்ந்து வேகமாக எரிந்துவிடும், நாக்கிங் அடங்கும். மெல்லிசில் அது 0.9. தடித்ததில் 1.3. அதாவது நாக்கிங்குக்குப் பயந்து கேஸ்கட்டைத் தடிமனாக்கினால், நாக்கிங்கைத் தடுக்கிற ஒன்றையே கொஞ்சம் தளர்த்திவிடுகிறோம். முறையான வழி 0.8 போட்டு ஸ்குவிஷை இறுக்கி வைத்துக்கொண்டு, சேம்பரிலோ பிஸ்டன் தலையிலோ ஒன்றே முக்கால் சிசி சுரண்டி எடுப்பது. அதைச் செய்ய எனக்குத் தெரியும். ஆனால் நாலு சேம்பரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், கூலி ஏறும், அவன் கையில் காசு தீர்ந்திருந்தது.

வேறு காரணங்களும் இருந்தன. மெல்லியது எம்எல்எஸ், ஸ்டீல் அடுக்கு. அதற்கு ஹெட் முகம் வழுவழுவென்று இருக்க வேண்டும், இது நகத்தால் இழுத்தால் தட்டியது. பிஸ்டன் தலையில் களிமண் வைத்துச் சுற்றிப் பார்த்ததில் வால்வு இடைவெளியும் மெல்லிசில் எனக்குப் பிடிக்காத அளவுக்கு வந்தது. ஹெட் கீழே இறங்க இறங்க பெல்ட்டில் கேம் டைமிங் (வால்வு திறந்து மூடும் நேரம்) ஒரு டிகிரிக்குள் பின்தங்கும், அதைத் திருத்துகிற அட்ஜஸ்டபிள் புல்லி அவனிடம் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. ஹெட்டை இன்னொரு தடவை கோவை லேத்துக்கு அனுப்பினால் முகப் பிரச்சினை முடிந்தது. முடிவு எடுத்த பிறகு நான் சேர்த்துக்கொண்ட காரணங்களோ இவை என்று சந்தேகம் வருகிறது. இல்லை, முதலிலேயே மனதில் இருந்தன என்றும் ஒரு பக்கம் சொல்கிறது.

வண்டி ஓடியது. ஏற்றத்தில் எதிர்பார்த்த இழுப்பு இல்லை என்றான். சில மாதத்தில் வேறு ஒருவரிடம் போய் 0.8 மாற்றிக்கொண்டான், ஹெட் முகத்தையும் சரி செய்துகொண்டான். அதற்கப்புறம் கரி டிராக்கில் ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு பிரேக் பேடுக்காக என் கடைக்கு வந்தான். நானே கேட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நாக்கிங் பிஸ்டனைத் தின்றால் பிளக் பீங்கானில் ஒட்டுகிற அலுமினியப் புள்ளி ஒன்றுகூட இல்லை. கேமராவை உள்ளே விட்டேன், பிஸ்டன் ஓரமும் சுத்தம்.

கொஞ்சம் எரிச்சலோடுதான் மேப்பைக் காட்டச் சொன்னேன். 85க்கு மேலே உள்ள வரிசைகளில் இக்னிஷன் மூன்று டிகிரி குறைத்திருந்தது, அதாவது தீப்பொறி அவ்வளவு தாமதமாக வரும், நாக்கிங் குறையும். "நீங்க அவ்வளவு சொன்னீங்களேண்ணா, அதான் அங்கே குறைச்சுப் போடச் சொன்னேன்" என்றான்.

மரியாதைக்குச் சொன்னானோ, நிஜமோ. நிஜம் என்றால் என் பயத்தை எடுத்துக்கொண்டு கேஸ்கட்டை விட்டுவிட்டான். அப்படிப் பிரித்து எடுக்க முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மேப் என் வேலை இல்லை, நான் இரும்பை மட்டும் பார்க்கிறவன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அதே சமயம், அந்த மூன்று டிகிரியை யாராவது மறுபடி ஏற்றிவிட்டால் 10.6 என்ன ஆகும் என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது.

1.3 ஸ்குவிஷில் 10.1 கீழே தாங்கியிருக்குமா, இல்லை அதுவே நாக் ஆகியிருக்குமா என்பதும் இனித் தெரியாது. என் கேஸ்கட்டோடு அந்த வண்டி ஒரு தடவைகூட மேட்டுப்பாளையம் தாண்டவில்லை.