கிளாஸ்கோவில் ‘வேன்’, அபர்டீனில் ‘பேர்ன்’

கிளாஸ்கோவில் குழந்தைகள் வார்டில் செவிலியராகச் சேர்ந்த முதல் வாரம், மூச்சிரைக்கும் மகனைத் தோளில் போட்டு வந்த ஒரு தாய், தன் ‘வேனு’க்கு உடம்பு சரியில்லை என்றார். என் காதில் அது வண்டியாகவே விழுந்தது. ‘சின்ன ஒன்று’ எனப் பொருள்படும் ‘வீ ஏன்’ என்னும் ஸ்காட்ஸ் மொழிச் சொற்கள் ஒட்டிப் பிறந்த அந்தச் சொல், ஸ்காட்லாந்தின் மேற்கிலும் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலும் குழந்தையைக் குறிக்கிறது.

அதைக் கேஸ் ஷீட்டில் எழுதியது என் தவறு. பால்குடி மறக்கச் செய்வதைக் குறிக்கும் ‘வீன்’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துக்கு எழுத்து அதேதான் (wean). ஆக்ஸிஜனைப் படிப்படியாகக் குறைப்பதற்கும் வார்டில் அதையே எழுதுவோம். குழந்தை சற்று நேரம் ஆக்ஸிஜன் இல்லாமல் இருந்ததாகப் பாட்டி சொன்னதை அவர் சொல்லிலேயே நான் சுருக்கி எழுதியிருக்க, இரவு டூட்டிக்கு வந்தவர் அதை ஆக்ஸிஜனைக் குறைக்கச் சொல்லும் குறிப்பாகப் படித்துவிட்டார். மருத்துவரின் உத்தரவை அவர் ஒருமுறை சரிபார்த்ததால் தீங்கு நேரவில்லை. பேச்சில் தாயின் சொல், ஏட்டில் பொதுச்சொல் என்று அன்றே முடிவு செய்தேன்.

கிழக்கே போனால் குழந்தை ‘பேர்ன்’ ஆகிவிடுகிறது. எடின்பரோ செல்லும் ரயில் பாதையில் ஏறத்தாழ நடுவழியில் உள்ள ஃபால்கர்க் ஊரார் தங்களையே ‘பேர்ன்கள்’ என்கிறார்கள். அவ்வூர்க் கால்பந்து அணிக்கும் அதுவே செல்லப்பெயர். பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த இச்சொல்லின் உறவுச் சொல்லான ‘பார்ன்’, நார்வேயில் இன்றும் குழந்தைதான். வளர்ந்து ஆளான மகனையும் ‘என் பேர்ன்’ என்று சொல்லும் தாய்மார்களைக் கண்டிருக்கிறேன். அந்த உரிமைக்காகவே எனக்கு இச்சொல்லை மிகவும் பிடிக்கும்.

பின்னர் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள அபர்டீனுக்கு மாற்றலானபோது பழக்கத்தில் ‘வேன்’ என்றேன். “இங்கே பேர்ன் என்போம், குவைன்” என்று ஒரு பாட்டி என் கையைத் தட்டிக் கொடுத்தார். அங்கே பெண்பிள்ளை ‘குவைன்’, ஆண்பிள்ளை ‘லூன்’. ‘எங்கே’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலொலி ‘ஃப’ ஆகி, ‘ஃபார்’ என ஒலிக்கும். அவருடைய நான்கு வயதுப் பேரன் அன்று காலையிலிருந்து எவருக்கும் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். பாட்டியிடம் கேட்டுக்கொண்டு, “ஃபார்ஸ் இட் சேர்?” என்று, எங்கே வலிக்கிறது என அவன் வீட்டு மொழியில் கேட்டேன். மெல்லத் திரும்பியவன், காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்துக் காட்டினான். அதுவரை நாங்கள் தொண்டை வலி என்றே எழுதி வைத்திருந்தோம்.