பின்னங்காலை இழுத்துக்கொண்டு வரும் நாய்

கார் இடித்த தெருநாய் பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு ஊர்ந்தால், "இடுப்பு போச்சு, இனி அவ்வளவுதான்" என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிடும். அவசரம் வேண்டாம். இடுப்பெலும்பில் மட்டும் விரிசல் என்றால், சுற்றியுள்ள தசையே அதைத் தாங்கிப் பிடிக்கும். நாலிலிருந்து ஆறு வாரம் கூண்டில் அசையாமல் வைத்தாலே பல நாய்கள் எழுந்துவிடும். முதுகுத்தண்டில் அடி என்றால்தான் சிக்கல்.

எக்ஸ்ரேவுக்கு முன்பே மருத்துவர் பின்னங்கால் விரலை ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் எலும்பு வரை அழுத்திக் கவ்வி, வலி தெரிகிறதா என்று பார்ப்பார். கால் சுண்டி இழுத்தால் மட்டும் போதாது, அது அனிச்சைச் செயல். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும். கடிக்க வந்தால் ரொம்ப நல்ல சேதி, வலி மூளை வரை போகிறது என்று பொருள்.

ஷெல்டரில் பாதி வேலை மூத்திரப்பையோடுதான். முதுகுத்தண்டில் அடிபட்ட நாயால் பெரும்பாலும் தானாக மூத்திரம் போக முடியாது, ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை கையால் பிழிந்து எடுக்க வேண்டும். பின்னங்காலுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றின் இரு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்தால், தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தட்டுப்படும். மெல்ல நெருக்கி வால் பக்கமாகத் தள்ளுங்கள். விரல் நுனியால் குத்தினால் பை கிழியலாம். சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்து "தானாகப் போகுதே" என்று விடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அது போவதில்லை, நிரம்பி வழிகிறது. தேங்கிய மூத்திரம் கலங்கி, நாற்றமெடுத்து, கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடும்.

அடுத்தது படுக்கைப் புண். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், கீழே மெத்தை, மேலே காய்ந்த துணி. ஈரம் பட்ட தோல் உரிந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு. மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றாதீர்கள்; புழுவோடு நல்ல சதையும் வெந்துபோகும். முடியை மழித்து, சலைனால் கழுவி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மறுநாளும் பாருங்கள், ஆழத்தில் இருந்தவை மேலே வந்திருக்கும்.

நடக்கத் தேறிய நாயைத் தெருவில் விடுவதா, வீடு தேடுவதா? கருத்தடை செய்து திரும்ப விடும் முறையைச் சென்னையின் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1964லேயே தொடங்கியது. மத்திய அரசின் 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் கருத்தடை, ரேபிஸ் ஊசி முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் பிடித்தவற்றை அங்கேயே விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சோறு வைக்க ஆள் இருக்கும் தெரு என்றால், வளர்ந்த நாய்க்கு அதுவே நல்லது என்பேன். ஆனால் அது ஷெல்டரில் இருந்த இரண்டு மாதத்தில் அதன் இடத்தை வேறு நாய்கள் பிடித்திருக்கும். சோறு வைப்பவர் பக்கத்தில் நிற்கும்போது, காலை வெளிச்சத்தில் இறக்கிவிடுங்கள்.

நடக்காத நாய்க்கு வீடுதான் வழி. பின்னுடலைத் தாங்கும் சக்கர வண்டியை மாட்டித் தெருவில் விட்டால் முதல் சாக்கடைக் குழியிலேயே கவிழும். வண்டியில் பதினைந்து நிமிடத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், நாள் முழுக்கக் கூடாது. தத்தெடுக்க வருபவர்களில் பலர் கண்ணீரோடு வருவார்கள். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று நாள் வரச்சொல்லி, அவர்கள் கையாலேயே மூத்திரம் பிழியச் சொல்லுங்கள். "டயப்பர் போட்டா போதாதா?" என்று கேட்பார்கள். பையைக் காலி செய்யாமல் டயப்பர் மாட்டினால், வீட்டுத் தரைதான் காயும், நாயின் தோல் ஊறிப் புண்ணாகும்.