எழுத்து, சொல், வரி: தமிழ்க் கோப்பில் கணக்கு எங்கே பிசகுகிறது

ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எத்தனை எழுத்து, எத்தனை சொல், எத்தனை வரி என்று எண்ணுவது நிரலாக்கம் கற்கிற எல்லோருக்கும் வரும் பயிற்சி. ஆங்கிலக் கோப்பில் ஒழுங்காக ஓடும் நிரல் தமிழ்க் கோப்பில் தடுமாறும். எதை எழுத்து என்று எண்ண வேண்டும் என நாம் அதற்குச் சொல்லியிருக்க மாட்டோம், அதுதான் காரணம்.

‘தமிழ்’ என்று மட்டும் எழுதி, கடைசியில் என்டர் தட்டாமல், எழுத்துகளை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். லினக்ஸில் கோப்பை எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளையை மைனஸ் சி (பைட் கணக்கு) போட்டு ஓட்டினால் 15 வரும். மைனஸ் எம் (குறியீட்டுக் கணக்கு) போட்டால் 5. மைனஸ் எல் (வரிக் கணக்கு) போட்டால் 0. நம் கண்ணுக்கோ 3 எழுத்து, 1 வரி. இதில் எதுவுமே தவறில்லை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என, ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 5 குறியீடுகள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பைத்தானின் லென் குறியீடுகளை எண்ணி 5 என்கும், சி மொழியின் ஸ்ட்ர்லென் பைட்டை எண்ணி 15 என்கும். (கணினியின் மொழி அமைப்பான லொக்கேல் ‘சி’ என்று இருந்தால் மைனஸ் எம்மும் 15 தான் காட்டும்.)

வரி 0 ஆனதற்குக் காரணம், டபிள்யூசி எண்ணுவது வரிகளை அல்ல, வரி முடிவுக் குறிகளை. பைத்தானில் கோப்பை ஃபார் லூப்பில் வரிவரியாக வாசித்தால் அதே கோப்புக்கு 1 கிடைக்கும். இரண்டு கருவிகளின் விடைக்கும் ஒன்று வித்தியாசம் என்றால் முதலில் கோப்பின் கடைசி பைட்டைப் பாருங்கள்.

சொல்லை எண்ண, இடைவெளிகளை எண்ணி ஒன்றைக் கூட்டுவது பலர் எடுக்கும் குறுக்குவழி. வெற்றுக் கோப்புக்கும் 1 சொல் என்று அது சொல்லும். இரட்டை இடைவெளி வந்தால் இன்னும் கெடும். ‘சொல்லுக்குள் இருக்கிறோமா’ என்று ஒரு கொடி வைத்துக்கொள்வதே சரி. இடைவெளி, டேப், வரி முடிவு வந்தால் கொடியை இறக்குங்கள். வேறு எது வந்தாலும், கொடி இறங்கியிருந்தால் மட்டும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டிக் கொடியை ஏற்றுங்கள். பைத்தானில் சரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டை அடைப்புக்குள் எதுவும் தராமல் அழைத்தால் இதே வேலை நடக்கும். ஓர் இடைவெளியைக் கொடுத்து அழைத்தால் வெற்றுச் சரங்களும் சொல்லாக எண்ணப்படும்.

தேடும் வடிவத்தைக் குறிகளால் எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பிரியர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பைத்தானின் ஆர்ஈ தொகுதியில் சொல் எழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என 2 சொல்லாக உடையும். ‘எண்ணிக்கை’ 4 சொல்லாகும். கோப்பை, ஒரு பைட்டை ஓர் எழுத்தாக வாசிக்கும் லத்தீன்-1 என்று திறந்தால் வேறொரு கூத்து: ‘அ’வின் மூன்றாவது பைட் 133, லத்தீன்-1இல் அது அடுத்த வரிக்குறி, பைத்தானுக்கு அதுவும் வெற்றிடம்தான். ஆக ‘அம்மா’ 2 சொல். கோப்பைத் திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுவதே நல்லது.

இனி எழுத்து. சொல்லைச் சிதைத்த அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது. யூனிகோடில் உயிர், அகர உயிர்மெய், ஆய்தம் மூன்றும் ‘எல்ஓ’ என்ற வகை. கால், கொம்பு, புள்ளி முதலிய சார்குறிகள் ‘எம்சி’ அல்லது ‘எம்என்’. எனவே 2944 முதல் 3071 வரையான எண்களில் ‘எல்ஓ’ வகையை மட்டும் எண்ணினால் ‘தமிழ்’ 3 ஆகிவிடும். மாறாகச் சார்குறிகளைக் கழித்து எண்ணப் போகிறவர்கள் ‘எம்என்’ மட்டும் கழித்து ஏமாறுவார்கள்: ஈகாரக் குறியும் புள்ளியும் ‘எம்என்’, இகரக் குறியோ ‘எம்சி’. பைத்தானின் யூனிகோட் தொகுதியில் உள்ள கம்பைனிங் என்ற செயற்கூற்றை நம்பினாலும் புள்ளி மட்டுமே பிடிபடும்.

இந்த வழியில் இன்னொரு லாபம் உண்டு. ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், லென் மட்டும் 2 அல்லது 3 என்று மாறும். ‘எல்ஓ’ கணக்கு இரண்டுக்கும் 1. ஆனால் ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது, 2 தான். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் ஒவ்வோர் எழுத்தாகக் கொள்பவர்கள் அவை வரும் தடவைகளைத் தனியே எண்ணிக் கழிக்க வேண்டும்.

பெரிய கோப்பை 65,536 பைட் துண்டுகளாக வாசிக்கிறீர்களா? அந்த எண் 3ஆல் மீதியின்றி வகுபடாது. முழுக்கத் தமிழே இருக்கும் துண்டின் விளிம்பில் ஒரு குறியீடு வெட்டுப்படும். துண்டைத் தனியாக டிகோட் செய்தால் (பைட்டை எழுத்தாக மாற்றினால்) பிழை வரும். டெக்ஸ்ட் முறையில் திறந்தால் பைத்தானே ஒட்டிக்கொள்ளும். ஆனால் சொல்லுக்கான கொடியைத் துண்டுக்குத் துண்டு அழிக்காமல் நீங்கள்தான் தொடர வேண்டும். இல்லையென்றால் விளிம்பில் நிற்கும் சொல் இருமுறை எண்ணப்படும்.

சி மொழியில் எழுதுவோர், கோப்பை ஒவ்வொரு பைட்டாக வாசிக்கும் எஃப்கெட்சி தரும் மதிப்பை இன்ட் மாறியில் வாங்க வேண்டும். கேரக்டர் மாறியில் வாங்கினால், அந்த வகை குறை எண் ஏற்காத கணினிகளில் கோப்பு முடிந்தது என்று சொல்லும் மைனஸ் 1 என்பது 255 ஆகிவிடும், லூப் நிற்கவே நிற்காது.